நீ கழற்றி வைத்த பட்டை

தண்டபாணிக்கு உன் அப்பா எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், யாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை. உன் பெயரை முதலில் எழுதினேன். எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அது அப்படியே இருந்தது. நான் அந்த இடத்தில் இல்லாதபோதும் நான் எழுதியது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தை உன் அம்மாவிடம் சொன்னேன். "பேர எழுதுனதுக்கே இந்த ஆட்டமா? இன்னும் கடுதாசி பூரா கெடக்கு" என்றாள். கிடக்கட்டும். ஒரு வரி எழுதி முடிக்கும்போது உலை கொதித்து அரிசி போட்டுவிடுகிறாள். அவ்வளவு வேகம்தான் வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை வாசி.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு ஈஸ்வரி பாடம் எடுக்கிறாள். நம் கீழ்வீட்டு மருமகள்தான், கொடைக்கானலில் படித்தவள். பூண்டு அறுப்பு முடிந்த மாசம் போய் உட்கார்ந்தேன். உன் அம்மா, "இந்த வயசுல கலெக்டரு ஆகப் போறீங்களாக்கும்" என்று கேலி பேசினாள். இப்போது உரமூட்டையில் இருப்பதை வாசிக்கிறேன், மாத்திரை அட்டையை வாசிக்கிறேன். போன வாரம் பழனி பஸ் நம் ஊரில் வந்து நின்றதும், ஏறாமல் முன்னால் நின்று பலகையை நிதானமாக வாசித்தேன். கண்டக்டர், "ஏறுங்க பெரியவரே, வெரசா" என்றார். "இருப்பா, எங்க போற வண்டின்னு வாசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன். "இத்தன வருசமா பழனிக்குத்தான போகுது." "இத்தன வருசமா நீ சொன்ன. இன்னைக்குப் பலகையே சொல்லுதுல்ல." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கும்வரை ஒவ்வொரு கடைப் பலகையாக வாசித்துக்கொண்டே போனேன்.

நான் படிக்கப் போனது உனக்காகத்தான். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை, சொல்ல வழியும் இல்லை. உனக்குக் காது கேட்காது, எனக்கு எழுதத் தெரியாது. நமக்குள் இருந்ததெல்லாம் கைதான். சாப்பிடு, வா, மழை வருது, மாடு, பணம், காய்ச்சலா என்பதற்கெல்லாம் கை இருந்தது. அதற்கு மேல் நம் வீட்டுக் கைக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் உன்னைப் போன்ற பிள்ளைகளோடு வேறு கை கற்றுக்கொண்டாய். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் மழை பெய்வது போல இருக்கும், எனக்கு ஒன்றும் பிடிபடாது. அதன்பின் ஐடிஐ படித்து, கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் லேத் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கிருந்து நீ போனில் எழுதி அனுப்புவதை உன் மாமா மகள் சத்தமாக வாசிப்பாள். அவள் வாசித்தால் தெருவே கேட்கும். நீ உன் அம்மாவுக்கு எழுதியது அம்மாவுக்கு வந்து சேர்வதற்குள் நாலு பேர் காது வழியாக வரும். உனக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களை நகர்த்திவிட்டு உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் சிலேட்டைப் பிடித்தேன்.

இப்படி உனக்கு எழுதப்போகும் முதல் கடிதம் நல்ல சேதியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேட்டுத் துண்டு நிலத்தில் பூண்டு நன்றாக வந்திருக்கிறது, அடுப்புப் புகையில் காயக் கட்டித் தொங்கவிட்டாயிற்று என்று எழுதலாம் என்று இருந்தேன். அப்படி எழுத வாய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை உன் கம்பெனியில் கூட்டம். அதற்குள் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் நெஞ்சில் கல்லைப் போல உட்கார்ந்திருக்கிறது. அதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

கம்பெனியில் மாற்றுத்திறனாளிகளுக்கான விழிப்புணர்வு நாள் என்று பெற்றோரைக் கூப்பிட்டார்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். நீ அங்கேதான் இருந்தாய். ஆனாலும் நான் அதை எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு முட்டிவலி, நான் மட்டும் வெள்ளனே கிளம்பி வந்தேன். உங்கள் செல்வராஜ் சார் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். உன் பிரிவுக்கு மேற்பார்வையாளர் என்றாலும் அவருக்குக் கொஞ்சமும் கர்வம் இல்லை. இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் சிலருக்கு அவரும் கம்பெனி ஆட்களும் துணையாக இருந்து ஒரு பொருள் செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றும், ஷிப்ட் முடிந்த பிறகும் லீவு நாளிலும் இருந்து உதவுகிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பொருளைப் போட்டுப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்கிற ஆள் நீ என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலேஜ் பிள்ளைகளுக்கு என் மகன் சொல்லிக் கொடுக்கிறானா என்று இரண்டு தடவை கேட்டேன்.

அந்தப் பொருளை நிவேதா என்ற பிள்ளை எனக்குக் காட்டினாள். கையில் கட்டுகிற பட்டை. சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்தால் உனக்குச் சத்தம் கேட்காது அல்லவா, அப்போது பட்டை அதிரும். நீ அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டியில் பச்சை விளக்கு எரியும். அமுக்கும்வரை சிவப்பு, வண்டி நகரக் கூடாது. என் கையில் கட்டி அதிரவைத்தாள். நான் துள்ளியதைப் பார்த்து நீ சிரித்தாய். அன்றைக்கு நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு ஆபீஸ்காரர்கள் எல்லாரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, உங்களைப் போல இருந்து பார்க்கிறோம் என்று கொஞ்ச நேரம் நடந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி கையைக் காட்டி டீ கேட்டு, அவருக்குக் காப்பி வந்தது. எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீயும் உன்னோடு வேலை பார்க்கும் மும்தாஜும் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண்ணுக்கும் காது கேட்காது, லேத் வேலை அவள் கேட்டுக் கேட்டு வாங்கியது என்று செல்வராஜ் சார் முன்பே சொல்லியிருந்தார். நீங்கள் இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பஞ்சை எடுத்ததும் அவர்களுக்குக் கேட்கும். உங்களுக்கு எடுக்க எந்தப் பஞ்சும் இல்லை. இது இப்போதுதான் புரிகிறது.

அப்புறம் பெற்றோர் யாராவது பேசுங்கள் என்றார்கள். மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் பிறந்து மைக்கைப் பிடித்தது அன்றுதான். என் குரல் அவ்வளவு பெரிதாக எனக்கே கேட்டதும் ஒரு மயக்கம் வந்துவிட்டது. நான் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "எம்மகன் வாயில்லா ஜீவனுங்க. அவனுக்கு ஒண்ணும் வெவரம் பத்தாதுங்க. இவன் பொறந்தப்ப, இது மாடு மேய்க்கத்தான் ஆகும்னு எங்கய்யா சொன்னாரு, நானும் அப்படித்தான் நெனச்சேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணி ஒரு சோலி குடுத்திருக்கீங்க. இவன வச்சுக் காப்பாத்துங்க" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். மேடை ஓரத்தில் நின்ற இன்னொரு அம்மா நான் பேசப் பேசக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்கிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். நீ அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தபோதும் என் முகத்தை நீ பார்க்கவில்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் உன் கால் அடிபட்டது. வண்டி திரும்பும்போது மேலே இருந்த பெட்டி சரிந்து உன் பாதத்தில் விழுந்து, விரல் எலும்பு உடைந்தது என்று செல்வராஜ் சார் போனில் சொன்னார். பட்டை அதிரவில்லை, வண்டியில் விளக்கே வரவில்லை, பாதையில் ஆள் இல்லை என்று நம்பி ஓட்டினவன் திருப்பிவிட்டான் என்றார்கள். கட்டுப் போட்டு உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். உன் அம்மா ரசம் வைத்தால் குடித்தாய், என் கையிலிருந்து வாங்கவில்லை. வலியில் இருக்கிறாய் என்று விட்டுவிட்டேன்.

செல்வராஜ் சாரும் நிவேதாவும் பழனி வழியாகப் பஸ் பிடித்து நம் வீட்டுக்கு வந்த அன்று, நீ ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்ததும் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாய். தூங்குகிறான் என்று நான் சொன்னேன். அந்தப் பிள்ளை ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ கம்பளிக்குள் இருந்ததால் நாங்கள் பேசியது உனக்குத் தெரிய வழியில்லை. அதை முழுசாக எழுதுகிறேன், அது உன்னைப் பற்றிய பேச்சு.

"அண்ணனுக்கு எப்படிங்க இருக்கு?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"பாத்தாத் தெரியலியா? கெடக்கான்" என்றேன்.

"அந்தப் பட்டைய அக்கு அக்காக் கழட்டிப் பாத்துட்டேங்க. மேசையில வச்சா நல்லா வேல செய்யுது. அன்னைக்கு மட்டும் ஏன் செய்யலன்னு தெரியல. அண்ணனுக்குக் கை ரொம்ப வேர்க்குமா? வேர்வ உள்ள போயிருக்குமோன்னு…"

"அடுத்த வாரம் வெள்ளிக்கெழம மீட்டிங்கு வச்சிருக்காங்கய்யா" என்று செல்வராஜ் சார் சொன்னார். "பட்டதான் தப்புன்னு முடிவாச்சுன்னா இந்தப் பிள்ளைங்க வேலைய நிறுத்திருவாங்க. அதோட விட மாட்டாங்க. காது கேக்காதவுங்க எல்லாரையும் மெசின்ல இருந்து எடுத்துப் பேக்கிங்ல போடச் சொல்லி மேல இருந்து பேச்சு வருது. பாதுகாப்புக்காம். அங்க நாள் பூரா அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டணும். நம்ம தண்டபாணிக்கும் அதேதான். மும்தாஜ் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல."

"எம்மகன் உசுரோட இருந்தாப் போதும். டேப்பு ஒட்டுனாத் தேஞ்சா போயிருவான்?" என்று உன் அம்மா சொன்னாள்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை, "அண்ணன் கொஞ்ச நாளாவே டல்லாத்தாங்க இருந்தாரு. அன்னைக்கு நீங்க மேடையில பேசுனீங்கல்ல, அதுல இருந்து" என்றாள்.

"நான் பேசுனது அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத்தான் காது கேக்காதே."

"அந்த மேடம் கையால சொல்லிக்கிட்டே இருந்தாங்கல்லங்க. நீங்க பேசுனது பூராவும், ஒரு வார்த்த விடாம."

மகனே, அடுப்பங்கரையில் பூண்டுக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன, அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பிறந்த நாளிலிருந்து உன் முன்னால் நாங்கள் எதையும் பேசுவோம். உன் கல்யாணப் பேச்சு, உன்னை யாருக்குப் பிடிக்கும், பிடிக்காது, எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பார் என்பதெல்லாம் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே பேசுவோம். சுவர் முன்னால் பேசுவது போல. நான் பேசிய பேச்சு முழுசாக உனக்குப் போய்ச் சேர்ந்தது அன்று ஒரு நாள்தான், போய்ச் சேர்ந்தது அந்தப் பேச்சு. வாயில்லா ஜீவன் என்று நம் ஊரில் மாட்டைத்தான் சொல்வோம். அதை அந்த அம்மா கையில் எப்படிக் காட்டினார்? கொம்பு வைத்துக் காட்டினாரா? 

அந்த அவமானத்தை அந்தப் பிள்ளைமேல் இறக்கினேன். "ஒங்க பரீட்சைக்கு வெளையாண்டு பாக்க எம்மவன் காலுதான் கெடச்சுதா? நீங்க மார்க்கு வாங்கிட்டுப் போயிருவீங்க, நொண்டுறது யாரு?" என்று கத்தினேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று ஊற்றியது. செல்வராஜ் சார், "பெரியவரே, திட்டணும்னா என்னத் திட்டுங்க, அவங்களுக்குப் பொறுப்பு நான்தான்" என்றார். கிளம்பும்போது அந்தப் பிள்ளை வாசலில் நின்று திரும்பி, "அந்தப் பொத்தான் அண்ணன் சொன்னதுங்க. நாங்க வெறும் அதிர்ற மாதிரிதான் செஞ்சிருந்தோம். இது போதாதுன்னு ஒரு கயிறு வரஞ்சு காட்டுனாரு. இந்தப் பக்கம் ஒரு ஆளு இழுக்கறாரு, அந்தப் பக்கம் இவரு திருப்பி இழுக்கறாரு. அத வச்சுத்தான் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு உன் அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "அந்தப் பிள்ளைய அப்படி வஞ்சிருக்கக் கூடாது. பட்ட மேல தப்பு இல்ல" என்றாள். நீ முந்தின நாள் அவளிடம் கையால் சொல்லியிருக்கிறாய். மேடை, என் வாய், அப்புறம் கையிலிருந்து பட்டையைக் கழற்றுவது, நிறுத்துவது, பாக்கெட்டில் போடுவது. நம் வீட்டுக் கையில் அதற்கெல்லாம் சொல் இல்லை, ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டையை நிறுத்திவிட்டால் வண்டிக்கு ஆள் இருப்பதே தெரியாது. விளக்கு எப்படி வரும்? அடிபட்ட அவசரத்தில் அது உன் கையில் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை போல. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ மறுநாள் விடியலில் காலை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாய். நான் கொல்லையிலிருந்து வருவதற்குள் போய்விட்டாய்.

கயிறு என்று அந்தப் பிள்ளை சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த் துண்டில் பனிமூட்டம் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. மற்றவர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். உனக்குக் குரல் கொடுக்க முடியாது. அதனால் உன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை என் இடுப்பில். காட்டுமாடு இறங்கினால் ரெண்டு இழு. சும்மா, இருக்கிறாயா என்று கேட்க ஒரு இழு. நீ திருப்பி இழுத்தால்தான் எனக்கு மூச்சு வரும். இழுக்கவில்லை என்றால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். இதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், "என்னப்பா, மகன மாடு மாதிரி கட்டி வச்சிருக்க" என்று கேலி செய்வார்கள். எனக்கும் அது உன்னைக் கட்டி வைத்த கயிறாகத்தான் மனசில் இருந்தது. நீ அதை வேறு மாதிரி வைத்திருந்திருக்கிறாய். இழுப்பதும் திருப்பி இழுப்பதும் பேச்சு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் காலேஜ் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டி, ஒரு விளக்காக ஆக்கியும் விட்டாய். வெள்ளிக்கிழமை அவர்கள் தூக்கிப் போடப்போவது அந்தப் பிள்ளையின் பட்டையை மட்டும் இல்லை, உன் கயிற்றையும்தான்.

நான் ஏன் மேடையில் அப்படிப் பேசினேன் என்று நீ கேட்கலாம். சாக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய இடத்துக்குப் போனால் நம் பிள்ளையை நாமே தாழ்த்திச் சொல்வோம். பூண்டு மண்டியில் நம் சரக்கையே, சுமார்தாங்க, பாத்துப் போடுங்க என்று சொல்கிறோமே, அதே மாதிரி. தாழ்த்திச் சொன்னால் அவர்களுக்கு இரக்கம் வரும், பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கணக்கு. உயர்த்திச் சொன்னால் கண்ணு படும் என்று ஒரு பயம். ஊரில் நான் உன்னைப் பற்றிப் பேசுகிற பேச்சே வேறு. மருந்தடிக்கிற பம்பு கெட்டுப்போய் பட்டிவீரன்பட்டிக்குக் கொண்டுபோக இருந்தபோது, நீ விடுமுறைக்கு வந்து பிரித்துப் போட்டு ஒரு வாஷரைத் தேய்த்து மாட்டினாய் அல்லவா, அதை டீக்கடையில் நான் சொல்லாத ஆள் இல்லை. "ஆரம்பிச்சிட்டாருப்பா" என்று எழுந்து போகிறார்கள். அதையெல்லாம் நீ இல்லாத இடத்தில் பேசினேன். நீ பார்க்கிற இடத்தில் மற்றதைப் பேசினேன். மைக் மறுபடியும் என் கைக்கு வராது. வந்தால், இவனுக்கு வாய் இருந்தது, எங்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று சொல்வேன். இப்போதைக்கு இங்கே எழுதி வைக்கிறேன். வேண்டுமானால் மும்தாஜுக்குக் காட்டு. அவளும் சுவர் ஓரமாக நின்று அந்த அம்மாவின் கையைப் பார்த்தவள்தான்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். அந்தப் பட்டையை நிறுத்தியது நீ என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நீயே சொல்ல வேண்டும். இல்லாத பழுதைத் தேடி ஒரு பிள்ளை தூங்காமல் இருக்கிறாள். வேர்வையா, கம்பியா என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், அவள் கண்டுபிடிக்கவே மாட்டாள். பழுது அதில் இல்லை, என் வாயில் இருந்தது. அங்கிருந்து உன் பாக்கெட்டுக்குப் போனது. அது மும்தாஜின் லேத்தில் போய் முடியக் கூடாது. என்மேல் வந்த கோபம் நியாயம். அதை என்மேலேயே வை. வந்து என் முன்னால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடு, ஒரு வருஷம் முகம் பார்க்காதே. நான் தாங்குவேன்.

சொன்னால் வேலை போகுமா என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உன்னைத் தைரியப்படுத்த மாட்டேன். போனாலும் போகலாம். செல்வராஜ் சார் நல்லவர், ஆனால் அவருக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள். உன்னிடம் இதைக் கேட்கப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து, இரண்டு நாளாக உன் அம்மா என்னிடம் பேசவில்லை. "அவன் சும்மா இருக்கட்டும், டேப்பு ஒட்டட்டும், நீங்க குட்டையக் கொழப்பாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் பயம் பொய்யில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் காது பக்கத்தில் தட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தவள் அவள். நீ நன்றாக இருந்தால் போதும் என்பதற்கு மேல் அவளால் கேட்க முடியாது. நான் அதற்கு மேல் கேட்கிறேன். கேட்பது சரியா என்று எழுதும்போதே கை நிற்கிறது. நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். இன்று மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

செல்வராஜ் சார் நம்பர் சுவரில் இருக்கிறது. கரியால் நான்தான் எழுதினேன். முதலில் அதை அழுத்திப் பேசிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அழுகை நிற்கும், எனக்கும் பாரம் இறங்கும். விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். உன் சார்பில் ஸ்கூலில் பேசியது நான், ஆஸ்பத்திரியில் பேசியது நான், கம்பெனி மேடையில் பேசியதும் நான். இதையும் நானே பேசிவிட்டால், அப்புறம் நீ எதைப் பேசுவாய்? உண்மையாகவே இருந்தாலும் இது உன் பேச்சு. நீ சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தால் நானும் சொல்ல மாட்டேன். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்ல மாட்டேன். சொல்வது என்றால் அந்தக் கையால் பேசும் அம்மாவை வரச்சொல்லிக் கேள். அவர் ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறவர். நீ ஏன் கழற்றினாய் என்பதையும் சேர்த்துச் சொல், என்னை மறைக்காதே. அப்பா என்ன பேசினார் என்று அவர்களும் கேட்கட்டும். கைதட்டியவர்கள் அவர்கள்தானே.

ஈஸ்வரி இந்தத் தாளைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவளும் வாசித்துவிடுவாள் அல்லவா. தபாலில் அனுப்புகிறேன். உறையில் விலாசத்தையும் முன்கூட்டியே நானே எழுதித் தபால்காரரிடம் காட்டினேன். கோயம்புத்தூர் என்பதில் இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன், தபால்காரர், "வாசிக்க முடியுது, போயிரும்" என்றார். நிவேதாவிடம் நான் பேசியது தப்பு என்று அவளுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். உனக்கு எழுதியதிலேயே விரல் வீங்கிவிட்டது, அதற்கு இன்னும் நாள் ஆகும். நீ அவளைப் பார்த்தால், கிழவன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் சொல்லிவை.

கால் கட்டை நனைக்காதே. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருப்பேன். நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அன்று ஒரு வரி அனுப்பு. அது வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். உன் மாமா மகளைக் கூப்பிட மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் எழுத்துக் கூட்டி நானே வாசிப்பேன்.

உன் அப்பா